பழைய கேமிங் கணினி: ஓவர்கிளாக் செய்வதா, பாகத்தை மாற்றுவதா?

என் அக்கா மகனின் கணினி 2017 தீபாவளிக்கு வாங்கியது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 6 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, ஒரே துண்டாக 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) ஆகியவை அதில் இருந்தன. வாங்கிய காலத்தில் அது நல்ல கணினி. சென்ற ஆண்டு அவன், நொடிக்கு 144 முறை படத்தை மாற்றிக் காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் கணினியின் முதுமை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. "மாமா, பிராசசரை ஓவர்கிளாக் பண்ணிப் பார்க்கலாமா, இல்ல அப்பாகிட்ட கேட்டுப் புது கார்டு வாங்கலாமா?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால் அது வெறும் ஊகமாக இருந்திருக்கும். பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, கேபினெட்டை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவருக்கும் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஓவர்கிளாக் என்றால் என்னவென்று பார்ப்போம். பிராசசர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது; 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்தத் தாளம் ஒரு நொடிக்கு 320 கோடி முறை தட்டப்படுகிறது என்று பொருள். ஒரே அச்சில் தயாராகும் சில்லுகளிலும் ஒன்று சற்று வலுவாகவும் ஒன்று சற்று மெலிவாகவும் அமைவதுண்டு என்பதால், மெலிந்த சில்லும், மட்டமான கூலரோடும் வெப்பமான அறையிலும், பல ஆண்டுகள் தவறின்றி ஓட வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் தயாரிப்பாளர் அந்த வேகத்தைக் குறிக்கிறார். அப்படி ஒதுக்கி வைத்த இடைவெளியை நாம் எடுத்துப் பயன்படுத்துவதுதான் ஓவர்கிளாக். ஆகவே அது ஏற்கெனவே உள்ளதை விரைவாக ஓட வைக்குமே தவிர, இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்காது. பிராசசருக்குள் கணக்கிடும் அலகான கோர் ஆறு இருந்தால் ஏழாகாது. 6 ஜிபி நினைவகம் 8 ஜிபி ஆகாது.

ஓவர்கிளாக்கின் மீது இன்றுவரை இருக்கும் பெருமதிப்புக்கு நியாயமான வரலாறு உண்டு. 1998இல் வெளியான இன்டெல் செலரான் 300ஏ பிராசசரில், பிராசசரின் தாளத்துக்கு அடிப்படையான 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 100 ஆக மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸில் ஓடியது 450இல் ஓடும்; ஒரு பைசா செலவில்லாமல் ஒன்றரை மடங்கு. 2011 ஜனவரியில் வந்த கோர் ஐ5-2500கே அடிப்படையில் 3.3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர். சுமாரான கூலரோடு அதை 4.5 வரை கொண்டுபோனவர்கள் ஏராளம். ஆனால் அந்தக் கணக்கு எல்லாப் பிராசசருக்கும் பொருந்தாது. ரைசன் 5 1600இன் எல்லாக் கோர்களும் ஒன்றாக வேலை செய்யும்போது அது 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஓவர்கிளாக்கில் 3.8 அல்லது 3.9 கிடைக்கும். 3.4இலிருந்து 3.8 என்பது சுமார் 12 சதவீதம். அதற்குப் பின் வந்த தலைமுறைகள் வெப்பமும் மின்சாரமும் இடங்கொடுக்கும் எல்லை வரை தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்வதால், அவற்றில் நாம் எடுத்துக்கொள்ள மிச்சம் இருப்பது இன்னும் சொற்பம்.

இனி, ஒரு கேம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எந்தப் பொருள் கண்ணில் படுகிறது என்பவற்றைப் பிராசசர் கணக்கிட்டு, இன்னின்னதை வரை என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்கிறது. கார்டு வரைந்து தருகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிநொடி. கல்யாணச் சமையலறையில் ஒருவர் பூரி தேய்க்க, இன்னொருவர் எண்ணெய்ச்சட்டியில் பொரிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. தேய்ப்பவர் மெதுவானவராக இருந்தால் சட்டி காய்ந்துகொண்டு சும்மா கிடக்கும். அங்கே பெரிய சட்டி வாங்கி வைத்தாலும் பந்திக்கு ஒரு பூரிகூடக் கூடுதலாக வராது. கணினியிலும் மற்றதைக் காக்க வைக்கும் பாகம் எதுவோ, அதுவே நமக்குக் கிடைக்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஓவர்கிளாக்கா, புதிய பாகமா என்ற கேள்வி அந்தப் பாகம் எது என்று தெரிந்த பிறகே பொருளுடையதாகிறது.

அதைத் தெரிந்துகொள்ளச் செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினால், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், வெப்பநிலை, ரேம் அளவு ஆகியவற்றைக் காணலாம். மானிட்டரின் வேகத்தோடு ஃபிரேமை ஒத்திசைக்கும் வி-சிங்க்கையும் ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, வழக்கமாக விளையாடும் இடத்தில் பத்து நிமிடம் விளையாடிப் பாருங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்குமானால் கார்டுதான் எல்லை. அது 60, 70 என்று தளர்ந்து கிடக்க, ஃபிரேமும் குறைவாகவே இருந்தால், பிராசசரோ ரேமோ கார்டைக் காக்க வைக்கிறது. இங்கே புதியவர்கள் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. "பிராசசர் 35 சதவீதம்தானே காட்டுகிறது, அதில் என்ன குறை?" என்று கேட்பார்கள். ரைசன் 5 1600இல் 12 திரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தடங்கள், உள்ளன. ஒரு திரெட் முழுமூச்சாக உழைத்தாலும் மொத்தக் கணக்கில் அது 8.3 சதவீதமாகவே தெரியும். பல கேம்களில் முக்கிய வேலை ஒன்றிரண்டு திரெட்களின் தலையில் விழுவதால், பிராசசரின் மொத்தச் சதவீதத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஐயம் நீங்காவிட்டால் இன்னொரு சோதனை: திரைத் தெளிவை 1080பியிலிருந்து 720பிக்குக் குறைத்து அதே இடத்தில் மறுபடி விளையாடுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைவதால் கார்டின் சுமை இறங்கிவிடும். பிராசசரின் வேலை ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஃபிரேம் நன்றாக உயர்ந்தால் அதுவரை தடுத்தது கார்டு. அசையாமல் நின்றால் பிராசசரோ ரேமோ.

அக்கா மகனின் கணினியில் இந்தச் சோதனைகளைச் செய்தபோது ஒரே கணினி இரண்டு பதில்களைத் தந்தது. திறந்த வெளியில் நடக்கும் கதை விளையாட்டு ஒன்றில் 41 ஃபிரேம், கார்டு 98 சதவீதம். 720பியில் 68 ஆக ஏறியது. நண்பர்களோடு அவன் தினமும் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் 94 ஃபிரேம், கார்டு 58 சதவீதம்; 720பியில் 96. அதாவது முதலாவதற்குக் கார்டு போதவில்லை, இரண்டாவதற்குப் பிராசசரோ ரேமோ போதவில்லை. ஆகவே, 'என் கணினிக்கு எது வேண்டும்' என்று கேட்பதைவிட, 'நான் அதிகம் ஆடும் கேமுக்கு, என் மானிட்டரில் எது வேண்டும்' என்று கேட்பதே சரி. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு அந்த 94 தாராளமாகப் போதும்; 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவனுக்குத்தான் அது குறை.

சராசரி எண்ணிக்கை நன்றாக இருந்தும் அவ்வப்போது படம் நின்று நின்று நகர்ந்தால் அது வேறு நோய். ரேம் நிரம்பி வழிந்து ஹார்ட் டிஸ்க்கில் இடம் தேடுவதோ, கார்டின் நினைவகம் போதாமல் போவதோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். இதை எந்த ஓவர்கிளாக்கும் தீர்க்காது. ரேமைக் கூட்டுவதும், கேமை எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) மாற்றுவதும், பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரமான டெக்ஸ்சர் அமைப்பை ஒரு படி குறைப்பதும்தான் மருந்து. ஹார்ட் டிஸ்க் ஒரு நொடிக்கு 100 முதல் 200 எம்பி தரும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பிக்கு மேல் தரும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இடைவெளி இன்னும் பெரிது.

பணம் செலவழிக்கும் முன்னும், கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் கை வைக்கும் முன்னும், இழந்த வேகத்தை மீட்க வேண்டும். அவன் கணினியின் பக்கப் பலகையைக் கழற்றியபோது கூலர் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. கூலரை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டச் சொன்னேன். காரணம் உண்டு: பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் குளிர்ந்த நிலையில் கோந்துபோல் பிடித்திருக்கும். இந்தக் கணினியில் உள்ளதுபோன்ற ஏஎம்4 சாக்கெட் பிராசசர்களின் அடியில் 1331 ஊசிக்கால்கள் உள்ளன; கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்; கால்கள் வளைந்தால் பிராசசரே வீணாகலாம். சூடேற்றியபின் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, நான்கு திருகுகளையும் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினோம், பிடி விட்டது. உள்ளே பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து மூடிய பிறகு, கேம் ஓடும்போது 84 டிகிரியாக இருந்த பிராசசர் 71இல் நின்றது. வெப்பம் எல்லையைத் தொடும்போது பிராசசரும் கார்டும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் என்பதால், பல கணினிகளில் இந்த ஒரு மணி நேர வேலையே ஓர் ஓவர்கிளாக்குக்குச் சமமான பலனைத் தரும்.

அடுத்து ரேம். பெட்டியில் 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேமை வாங்கிச் சொருகினால் அது தானாக 3200இல் ஓடாது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கும் வரை 2133 அல்லது 2400இலேயே ஓடிக்கொண்டிருக்கும். கணினியைக் கோத்துக் கொடுத்த கடைக்காரர் அதைச் செய்யவில்லை. எட்டு ஆண்டுகளாக அந்த ரேம் 2133இலேயே ஓடியிருக்கிறது. போதாததற்கு ஒரே துண்டு. இரண்டு துண்டுகளைச் சரியான ரேம் செருகுமிடங்களில், அதாவது பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் சொருகும்போதுதான் இரட்டைப் பாதை திறந்து ரேமிலிருந்து ஒரே நேரத்தில் போய்வரக்கூடிய தரவின் அளவு இரு மடங்காகிறது. ரைசனில் கோர்த் தொகுதிகளை இணைக்கும் உட்பாதையின் வேகமும் ரேமின் வேகத்தோடு கட்டுண்டது என்பதால் இங்கே இந்த இழப்பு கூடுதலாக உறைக்கும். அதே வகையில் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சேர்த்து, வேகத்தை 2933 ஆக வைத்தோம். முதல் தலைமுறை ரைசன்கள் எல்லாம் 3200இல் நிலையாக ஓடுவதில்லை. துப்பாக்கி விளையாட்டில் 94 ஆக இருந்தது 112 ஆனது. எட்டு ஆண்டுகளாக அவன் காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கே சும்மா கிடந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது இன்னும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உங்கள் கணினியில் இதை இன்றே பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகே ஓவர்கிளாக்கைப் பற்றிப் பேச வேண்டும். முதலில் அது உங்கள் கணினியில் முடியுமா என்று பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் பிராசசர்கள் பெரும்பாலும் வேகத்தை மாற்ற இடம் தருபவை என்றாலும், ஏ320 மதர்போர்டில் அது முடியாது. பி350, எக்ஸ்370 போன்றவற்றில் முடியும். இன்டெலில் பெயரின் இறுதியில் 'கே' இருக்க வேண்டும், மதர்போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி.

பிறகு வெப்பக் கணக்கு. பிராசசர் உண்ணும் மின்சாரம் வேகத்தின் விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்க விகிதத்திலும் ஏறுகிறது. வேகம் 3.2இலிருந்து 3.8 ஆகவும், அதற்காக வோல்ட்டேஜ் 1.2இலிருந்து 1.35 ஆகவும் உயர்கிறது என்று வைத்துக்கொண்டால், வேகத்தில் கிடைப்பது 19 சதவீதம். மின்சாரமும் வெப்பமும் கூடுவதோ சுமார் 50 சதவீதம். அந்த வெப்பத்தைக் கூலர் மட்டுமல்ல, சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்னழுத்தச் சீராக்கிகளும் தாங்க வேண்டும். விலை குறைந்த மதர்போர்டுகளில் அவற்றின் மேல் உலோக வெப்பத்தகடுகூட இராது. அப்படிப்பட்ட மதர்போர்டில் வோல்ட்டேஜை ஏற்ற வேண்டாம் என்றே சொல்வேன். அறையின் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூலர், பிராசசரை அறையைவிட இத்தனை டிகிரி மேலே வைத்திருக்கும் என்பதுதான் கணக்கு. 22 டிகிரி அறையில் 70ஐக் காட்டும் பிராசசர், மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் 36 டிகிரி மாடி அறையில் 84ஐக் காட்டும். குளிரூட்டிய அறையில் எடுத்த எண்களைப் பார்த்து வேலூரிலோ மதுரையிலோ உள்ளவர் அதே வேகத்தை வைத்துக்கொண்டால் கோடையில் கணினி நின்று போகலாம்.

அப்படியானால் ஓவர்கிளாக் எப்போது தகும்? தேவைக்கும் கிடைப்பதற்கும் இடைவெளி பத்து சதவீதத்துக்குள் இருக்கும்போது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வி-சிங்க்கோடு விளையாடுபவருக்கு 55 ஃபிரேம் கிடைத்தால், சில ஃபிரேம்கள் 16.7 மில்லிநொடியும் சில 33.3 மில்லிநொடியும் திரையில் நின்று, அசைவு தட்டித் தட்டித் தெரியும். பத்து சதவீதம் கூடி 60ஐத் தொட்டால் அந்தத் தட்டல் பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே ஓவர்கிளாக் உண்மையான பரிசு. 41 ஃபிரேமில் தவிக்கும் கேமுக்கு ஜிடிஎக்ஸ் 1060இலிருந்து எட்டு சதவீதம் பிழிந்தால் 44 கிடைக்கும். மூலையில் உள்ள எண் மாறும், கண்ணுக்கு எதுவும் மாறாது. செய்வதாக இருந்தால், ஒரு படி ஏற்றி, அரை மணி நேரம் கடும் சோதனை ஓட்டி, நிலையாக இருந்தால் அடுத்த படி என்று நகர வேண்டும். நீலத்திரை வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். கணினி எழாமலே போனால் பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் மதர்போர்டின் சீமாஸ் நினைவை அழித்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். நாங்கள் 1.35 வோல்ட்டுக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டு 3.8இல் நிறுத்தினோம். 112 ஃபிரேம் 120 ஆனது.

ஓவர்கிளாக் எட்டாத இடங்களும் உள்ளன. 2025 மே மாதம் வெளியான டூம்: தி டார்க் ஏஜஸ் ஓடுவதற்குக் கார்டில் ரே டிரேசிங்குக்கான (ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் முறை) தனி வன்பொருள் கட்டாயம், ஜிடிஎக்ஸ் 1060இல் அது இல்லை, எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வராது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்ப் பட்டியலில் ரைசன் 5 1600 இல்லை.

எனவே பாகத்தை மாற்றும் முடிவுக்கு வந்தோம். ஏஎம்4 வைத்திருப்பவர்கள் இதில் நற்பேறு பெற்றவர்கள். 2017இல் வாங்கிய அதே சாக்கெட்டில் 2022இல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். பழைய 300 வரிசை மதர்போர்டுகளுக்கும் அந்த ஆண்டில்தான் ஏஎம்டி வழி திறந்துவிட்டது. 1600இல் தலா 8 எம்பி வீதம் இரண்டு கூறுகளாகப் பிரிந்து கிடந்த கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்), 5600இல் 32 எம்பியாக ஒரே இடத்தில் உள்ளது. ஒரே தாளத்துக்குள் அது முடிக்கும் வேலையும் அதிகம். அதற்குமேல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம். விண்டோஸ் 11 பட்டியலிலும் அது உண்டு. ஒரே எச்சரிக்கை: பழைய பிராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். சில மதர்போர்டுகளில் இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் ஏற்ற வேண்டியிருக்கும். தயாரிப்பாளரின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான குறிப்பை முழுதும் படியுங்கள். புதுப்பித்தல் நடக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் மின்சாரம் போனால் மதர்போர்டே உயிரிழக்கக்கூடும். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கார்டு மாற்றுபவர்கள் பார்க்க வேண்டியவை வேறு. கார்டு செருகப்படும் இடம் 75 வாட் தரும், ஆறு முனை இணைப்பு 75 வாட், எட்டு முனை இணைப்பு 150 வாட். ஜிடிஎக்ஸ் 1060க்கு ஆறு முனையே போதுமானதாக இருந்தது, ஆர்எக்ஸ் 6600க்கு எட்டு முனை வேண்டும். உங்கள் எஸ்எம்பிஎஸில் அந்த முனை உண்டா என்று கேபினெட்டைத் திறந்து கண்ணால் பார்த்தபின் வாங்குங்கள். பழைய மதர்போர்டுகளில் கார்டுக்கான தரவு வழி பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 என்பதால், நான்கு பாதைகள் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகள் அவற்றில் வெகுவாகத் திணறும். எட்டுப் பாதைகள் உள்ளவற்றில் இழப்பு சிறிது.

சாக்கெட்டில் ஏறுவதற்குப் பெரிய மேல்படி ஏதும் இல்லாத கணினிகளும் உண்டு. ஐ5-2500கே வைத்திருப்பவர் டிடிஆர்3 ரேமோடும் நான்கு திரெட்களோடும் நிற்கிறார். அங்கே புதிய தலைமுறைப் பிராசசருக்கு மாறுவதென்றால் மதர்போர்டையும் ரேமையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவர் இலவச ஓவர்கிளாக்கோடு ஓட்டிக்கொண்டு, பணத்தைச் சேர்த்து வைப்பதே என் பரிந்துரை. இப்போது வாங்கும் எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ், மானிட்டர் ஆகியவை புதிய கணினிக்கும் கூடவே வரும் என்பதால் அவற்றில் போடும் பணம் வீணாகாது.

அக்கா மகன் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தேதி, கேம், ஃபிரேம், கார்டின் சதவீதம், வெப்பநிலை ஆகியவற்றை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறான். 5600ஐப் பொருத்திய அன்று எழுதியது: துப்பாக்கி விளையாட்டு, 150 ஃபிரேம், கார்டு 96 சதவீதம், பிராசசர் 68 டிகிரி. அதற்கு மேலுள்ள வரிகளில் 58 என்றும் 70 என்றும் இருந்த இடத்தில் 96ஐப் பார்த்ததும், அதைப் பேனாவால் வட்டமிட்டு, "இப்ப கார்டுதான் மாமா" என்றான்.